பழைய கேசட்டுகளை எம்பி3 ஆக்கிவிட்டுத் தூக்கிப் போட்டுவிடலாமா?

கேள்வி:
நாற்பது கேசட் தேறும். சினிமாப் பாட்டும் வீட்டில் பதிந்த பேச்சும் கலந்து கிடக்கின்றன. டேப் ரெக்கார்டரில் போட்டால் இழுத்து இழுத்து ஓடுகிறது, சத்தமும் அமுங்கிப்போகிறது. யுஎஸ்பி கேசட் பிளேயர் வாங்கினால் வேலை முடியுமா?

ரேடியோபெட்டி:
இழுப்பது வேறு, அமுங்குவது வேறு. இழுத்தால் பெரும்பாலும் பெல்ட், அதாவது மோட்டாரோடு சேர்ந்து சக்கரத்தைச் சுற்றவைக்கும் ரப்பர் வளையம். ஓட்டாமல் வைத்திருந்தால் ரப்பர் தொய்ந்துவிடும், சில செட்டில் தார் மாதிரி உருகி ஒட்டியிருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டுப் புதிது மாட்டுங்கள். அமுங்கினால் ஹெட்டில், அதாவது நாடா உரசிப்போகும் உலோகத் துண்டில், அழுக்கு. அதே ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால், பழுப்பு வராத வரை துடைக்கவும். அப்புறமும் தெளியவில்லையா? ஹெட்டின் ஓரத்தில் ஸ்பிரிங் வைத்த ஸ்க்ரூ இருக்கும். பாட்டு ஓடும்போதே அதை மெதுவாக, கால் சுற்றுக்குள் திருப்பி, 'ஸ்' ஓசை கூர்மையாகக் கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். வீட்டுப் பதிவுகளுக்கு இது கேசட்டுக்கு கேசட் மாறும்.

மோனோ:
மலிவான யுஎஸ்பி பிளேயர் வேண்டாம். நாடாவைச் சீராக ஓடவைக்கும் சக்கரம் (ஃப்ளைவீல்) சின்னது, வேகம் ஆடும். நாதஸ்வரத்தில் நீண்ட ஸ்வரம் வந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். நல்ல கேசட் டெக்கின் லைன் அவுட் துளையிலிருந்து கணினியின் லைன் இன்னுக்கு வயர் போதும். மைக் துளையில் செருகினால் சத்தம் உடைந்து கரகரக்கும். ஆடாசிட்டி என்ற இலவச ஒலிப்பதிவு மென்பொருளில் 44,100 ஹெர்ட்ஸ் வைத்து, உச்ச சத்தம் -6 டெசிபலைத் தாண்டாமல் பதியுங்கள். தரம் குறையாத ஃப்ளாக் (FLAC) கோப்பாகச் சேமியுங்கள், எம்பி3 கேட்பதற்கு மட்டும். ஒரு சி-60க்கு (இரு பக்கமும் சேர்த்து 60 நிமிடக் கேசட்) ஒரு மணி நேரம் உட்கார்ந்தே ஆகவேண்டும், குறுக்கு வழி கிடையாது.

கேள்வி கேட்டவர்:
ஒரு கேசட்டில் மட்டும் சத்தம் வந்து வந்து போகிறது.

ரேடியோபெட்டி:
நாடாவுக்குப் பின்னால் இருக்கும் குட்டி ஃபெல்ட் பஞ்சு விழுந்திருக்கும். ஸ்க்ரூ போட்ட வேறொரு கேசட் கூட்டுக்குள் நாடாவை மாற்றிவிடுங்கள்.

பக்கம்பி:
எதற்கும் முன்னால், வீட்டுப் பதிவு கேசட்டுகளின் முதுகில் இரு மூலையிலும் உள்ள சின்ன பிளாஸ்டிக் தட்டை உடைத்துவிடுங்கள், தவறி ரெக்கார்ட் பட்டனை அழுத்தினாலும் அழியாது. வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் ஓட்டாதீர்கள், ஹெட் வழியாக மற்றதற்கும் ஒட்டும். கம்பெனி கேசட் பாட்டு பெரும்பாலும் இணையத்தில் இதைவிடச் சுத்தமாகக் கிடைக்கிறது, அதற்கு நேரம் செலவழிக்காதீர்கள். பேச்சுக் கேசட்டை மட்டும் பதிந்த பிறகும் எறியாதீர்கள். ரெக்கார்டிங் சென்டரில் பிடித்த பாட்டுகளைச் சீட்டில் எழுதிக் கொடுத்துப் பதிந்தது இருந்தால், அட்டையில் உள்ள பாட்டு வரிசையைப் படமெடுத்து வையுங்கள். பாட்டு கிடைக்கும், அந்த வரிசை எங்கும் கிடைக்காது.