மாயக் காட்டு மரம் மாதிரி தமிழில் ஏதாவது இருக்கிறதா?

வணக்கம். திருவையாறு பக்கம் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஞாயிறு மாலை ஏழெட்டுப் பிள்ளைகளுக்குக் கதை வாசிக்கிறேன். எல்லாருக்கும் எட்டிலிருந்து பதினொரு வயதுதான். இப்போது ஓடுவது எனிட் பிளைட்டன் 1939இல் எழுதிய 'தி என்சாண்டட் வுட்'. ஆங்கிலத்தைப் பார்த்துக்கொண்டே வாயால் தமிழில் சொல்கிறேன், தொண்டைதான் பாவம்.

ஒரு பெரிய மரம். உச்சியில் மேகத்தில் ஓர் ஓட்டை. ஏறிப் போனால் ஒவ்வொரு முறையும் வேறொரு உலகம் வந்து நிற்கும். அது நகர்வதற்குள் இறங்காவிட்டால் அங்கேயே மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். இதைக் கேட்டதும் ஒரு வாண்டு, "முறைத் தண்ணி மாதிரியா அத்தை? விட்டப்பவே பாய்ச்சிக்கணும், இல்லன்னா போயிடும்!" என்றான். நானே அப்படி யோசித்ததில்லை! அன்றிலிருந்து படித்துறை அரச மரத்தை எல்லாரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். பெரியவர் துணையில்லாமல் பிள்ளைகளே போய் வருவதுதான் அவர்களுக்குப் பிடித்திருக்கிறது என்று நினைக்கிறேன். மரத்துக்குள்ளேயே மெத்தையில் உட்கார்ந்து சறுக்கிக்கொண்டு இறங்கும் இடத்தை மட்டும் நாலு தடவை வாசிக்க வைத்துவிட்டார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இதே மாதிரி மாயமும் சாகசமும் உள்ள நாவல், தமிழிலேயே எழுதியது வேண்டும். நீதி சொல்லி முடிகிற குட்டிக் கதைகள் வேண்டாம், அவை நிறைய இருக்கின்றன. எழுத்து பெரிதாக இருந்தால் அவர்களே வாசிப்பார்கள். கும்பகோணம், தஞ்சாவூரில் பழைய புத்தகமாகக் கிடைத்தாலும் போதும். எந்தக் கடை என்று சொல்லுங்கள்.