நியூயார்க்கில் இருப்பவர்கள் ஒரு படம் எடுத்துத் தர முடியுமா?

வணக்கம். புரூக்ளின் அருங்காட்சியகத்தில் பிரான்சிஸ் கை என்ற ஓவியர் 1820 வாக்கில் வரைந்த 'புரூக்ளினில் ஒரு குளிர்காலக் காட்சி' என்ற எண்ணெய் ஓவியம் இருக்கிறது. தன் வீட்டு ஜன்னல் வழியே தெரிந்த ஃபிரன்ட் தெருவைத்தான் வரைந்திருக்கிறார். மர வீடுகள், பனியில் கோழிகள், நின்று பேசும் அக்கம்பக்கத்தார் என்று அப்படியே ஒரு கிராமம்! அதில் இருப்பவர்கள் கற்பனை ஆட்கள் இல்லை, அந்தத் தெருக்காரர்கள்தான். அதனாலேயே எனக்கு அதன் மேல் அவ்வளவு பிரியம்.

பழைய தெருக்களைப் பற்றி மாணவர்களுக்கு ஒரு பாடம் தயாரிக்கிறேன். இணையத்தில் கிடைத்த படத்தைப் பெரிதாக்கினால் முகங்கள் கலங்கிவிடுகின்றன. யாராவது அங்கே போனால் மனிதர்களை மட்டும் கிட்டத்தில் எடுத்து அனுப்புங்களேன். அப்புறம், 1890 தீ விபத்தில் இடது பக்கம் கொஞ்சம் அழிந்துபோனது. அந்தப் பகுதியைக் காட்டும் பழைய பிரதி எதையாவது பார்த்திருந்தால் அவசியம் சொல்லுங்கள்.