கடலில் அடிபட்டவருக்குச் சிகிச்சையும் இழப்பீடும்: அனுபவப் பகிர்வு

படகில் முதலுதவி பார்ப்பவர்:

இழுவலைப் படகில் வின்ச் (வலை வடத்தைச் சுற்றி இழுக்கும் இயந்திரம்) விபத்து பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடக்கிறது. வடம் டிரம்மில் சரியாகப் படியவில்லை என்று கையால் தள்ளப் போவார்கள். கையுறையின் நுனி சிக்கும், கை உள்ளே போய்விடும். உடனே வின்ச்சை நிறுத்துங்கள். கை எந்தப் பக்கம் மாட்டியிருக்கிறது என்று பார்க்காமல் எதிர்ப்பக்கம் சுற்றவிட்டால் இன்னொரு முறை நசுங்கும். வீக்கம் ஏறுவதற்கு முன்பே மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள்.

ரத்தம் பீறிட்டால் காயத்தின் மேலேயே துணி வைத்து விடாமல் அழுத்த வேண்டும். அதற்கும் நிற்காவிட்டால் காயத்துக்கு 5 முதல் 7 செ.மீ. மேலே, மூட்டைத் தவிர்த்து, டூர்னிகே பட்டையை (ரத்த ஓட்டத்தை நிறுத்தக் கட்டும் பட்டை) இறுக்குங்கள். கட்டிய நேரத்தைப் பட்டையிலேயே எழுதுங்கள். நைலான் கயிறு வேண்டாம், மெல்லியதாக இருப்பதால் தசையையும் நரம்பையும் வெட்டும். அவ்வப்போது தளர்த்திக் கட்டும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள், ஒவ்வொரு தளர்த்தலுக்கும் ரத்தம்தான் போகும்.

விரல் துண்டாகிவிட்டால் அதை மீன் ஐஸுக்குள் புதைத்துவிடுகிறார்கள். நல்லெண்ணத்தில் செய்வதுதான், ஆனால் ஐஸ் நேரடியாகப் பட்டால் திசு உறைந்து செத்துவிடும், அந்த ஐஸில் கிருமியும் இருக்கும். சலைனில் (மருத்துவ உப்புநீரில்) நனைத்துப் பிழிந்த காஸ் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு நன்றாக மூடுங்கள். அந்தப் பையை ஐஸும் நல்ல தண்ணீரும் கலந்த பாத்திரத்தில் வையுங்கள். இப்படிக் குளிர்ச்சியில் வைத்த விரலை ஒட்டவைக்க ஏறக்குறைய 24 மணி நேரம் வரை வாய்ப்பிருக்கிறது, குளிரில்லாமல் வைத்தால் அதில் பாதிதான்.

ஸ்ராங்கு (படகை ஓட்டுபவர்) ஒருவர்:

ரேடியோவில் கூப்பிடும்போது நடப்பதைச் சொல்கிறேன். விஹெச்எஃப் ரேடியோவின் 16-ஆம் சேனலில் "பான்-பான்" என்ற அவசர அழைப்பை மூன்று முறை சொல்லி, மருத்துவ ஆலோசனை வேண்டும் என்று கேட்டால் கரை நிலையம் மருத்துவரோடு இணைத்துவிடும். இன்மார்சாட் (செயற்கைக்கோள் தொடர்பு) இருந்தால் ஆலோசனைக்குக் குறியீட்டு எண் 32, ஆளை இறக்கும் அளவுக்கு உதவி வேண்டுமானால் 38. ரோமில் உள்ள சிஐஆர்எம் என்ற கடல்சார் மருத்துவ ஆலோசனை மையம் 1935 முதல் எந்த நாட்டுக் கப்பலுக்கும் இலவசமாக ஆலோசனை சொல்லி வருகிறது.

தாமதம் லைன் கிடைப்பதில் அல்ல, கேள்விக்குப் பதில் இல்லாததில்தான். அட்சரேகை, தீர்க்கரேகை, வயது, அடிபட்ட நேரம், நினைவு இருக்கிறதா, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, எத்தனை நாடித்துடிப்பு, உடல் சூடு, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது: இவற்றை எழுதிக்கொண்டு மைக்கைத் தொடுங்கள். மருந்துப் பெட்டியின் பட்டியல் காலாவதித் தேதியோடு ரேடியோ பக்கத்திலேயே தொங்கட்டும். இல்லாத மருந்தை மருத்துவர் சொல்லிப் பயனில்லை.

ஹெலிகாப்டர் வந்தால் இறங்கும் கம்பி முதலில் தண்ணீரையோ தளத்தையோ தொடட்டும், அதில் நிலைமின்சாரம் இருக்கும். அந்தக் கம்பியைப் படகில் எங்கும் கட்டிவிடாதீர்கள். கொடுத்த மருந்தும் நேரமும் எழுதிய தாளை, அடையாள அட்டையோடு பிளாஸ்டிக் உறையில் போட்டு நோயாளியின் நெஞ்சோடு சேர்த்து ஒட்டி அனுப்புங்கள்.

முதலுதவி பார்ப்பவர், மறுபடியும்:

சின்னக் குத்தை விட்டுவிட்டேன். திருக்கை, கெளுத்தி முள் குத்தினால் 45 டிகிரிக்கு மேல் போகாத வெந்நீரில் 30 முதல் 90 நிமிடம் ஊறவைக்க வேண்டும். அடிபட்ட இடம் மரத்திருக்கும், சூடு தெரியாது, அதனால் நல்ல கையை விட்டுப் பாருங்கள். நெஞ்சிலோ வயிற்றிலோ கழுத்திலோ ஆழமாகப் பாய்ந்த முள்ளைப் பிடுங்கக் கூடாது. கரையில் மருத்துவரிடம் "கடல் மீன் குத்தியது" என்று கட்டாயம் சொல்லுங்கள். எரிசிப்பலாய்டு என்ற தோல் தொற்று சில நாளில் சிவந்து வீங்கும். மைக்கோபாக்டீரியம் மரைனம் என்ற கிருமியின் தொற்று பல வாரம் கழித்துத்தான் ஆறாத கட்டியாகத் தெரியும், அதற்குக் கொடுக்கும் மருந்தும் வேறு.

காப்பீட்டு க்ளெய்ம் பார்ப்பவர்:

பல வாரம் கழித்து வருகிற அந்தக் கட்டிக்கான க்ளெய்ம்தான் எங்கள் மேசையில் தள்ளுபடி ஆகிறது. வேலையில் வந்த காயம் என்பதற்கு லாக் புத்தகத்தில் (படகின் தினப்பதிவேட்டில்) ஒரு வரிகூட இருக்காது. தேதி, நேரம், இடம், செய்த வேலை, எந்தக் கை, பார்த்தவர் கையெழுத்து. முள் குத்தினாலும் இதை எழுதிவையுங்கள். இதில் நேரமும் இடமும் ஸ்ராங்கு மருத்துவரிடம் சொல்வதும்தான், ஒருமுறை எழுதினால் இரண்டுக்கும் ஆகும்.

அடுத்த சிக்கல் கடைசி நேரத்தில் ஏறிய மாற்று ஆள். பெயர் சொல்லி எடுத்த பாலிசியில் அவர் பெயர் இருக்காது. புறப்படுவதற்கு முன்பே பெயரைச் சேர்த்து, சேர்த்ததற்கான பதிலையும் வாங்கிவைக்க வேண்டும். பாலிசியில் குறித்த கடல் எல்லையைத் தாண்டியிருந்தாலும் இதே கதிதான்.

பங்குக்கு வேலை செய்பவருக்கு உரிமை இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்புவது அநியாயம். சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 188-ஆம் உடன்படிக்கை (2007-இல் நிறைவேறி, 2017 நவம்பர் 16 முதல் நடைமுறையில் உள்ளது) பங்கு வாங்குபவரையும் மீன்பிடித் தொழிலாளர் என்றே சொல்கிறது. அதை ஏற்ற நாடுகளில் வேலையில் அடிபட்டவருக்குச் சிகிச்சையும் இழப்பீடும் கிடைக்க வழி செய்திருக்க வேண்டும். ஆனால் தொகையைக் கணக்கிட வருமானச் சான்று கேட்பார்கள், அதனால் ஒவ்வொரு முறையும் பங்கு பிரித்த சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

முழுத் தீர்வு என்று எழுதிய தாளில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். அறுந்த நரம்பு தைத்த பிறகு நாளுக்கு ஏறத்தாழ 1 மி.மீ.தான் வளரும். மணிக்கட்டில் அறுந்திருந்தால் விரல் நுனிக்கு உணர்ச்சி திரும்புமா என்று தெரியவே ஆறு மாதத்துக்கு மேல் ஆகலாம். அதுவரை சிகிச்சைச் செலவையும் இடைக்காலத் தொகையையும் மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு, இறுதித் தொகையை மருத்துவரின் கடைசி அறிக்கைக்குப் பிறகு பேசுங்கள்.