ஆடிட்டில் ஊசி விஷயத்தில் மாட்டிக்கொண்டோம், எஸ்ஓபியை (வேலை நடைமுறை ஆவணத்தை) எப்படித் திருத்தி எழுதுவது?

பனியன்காரன்:
திருப்பூரில் 60 மெஷின் யூனிட். எங்களிடம் சரக்கு வாங்கும் பையரின் ஆடிட்டுக்காக, வெளியில் வாங்கிய 40 பக்க ஆங்கில எஸ்ஓபியில் கம்பெனி பெயரை மட்டும் மாற்றி வைத்திருந்தோம். ஆடிட்டர் ஃபைலைப் புரட்டக்கூட இல்லை, நேரே லைனுக்குப் போய் ஓவர்லாக் டெய்லர் ஒருத்தரிடம் ஊசி உடைந்தால் என்ன செய்வீங்கன்னு கேட்டார், அவரும் மெஷின் டிராயரைத் திறந்து நாலு புது ஊசியைக் காட்டிவிட்டார். உடைந்த ஊசிகளைப் பதியும் ரிஜிஸ்டரில் வேறு மூன்று மாதமும் ஒரே கையெழுத்து, ஒரே பேனா. 30 நாளில் திருத்தம் கொடுக்கணும். நல்ல மாதிரி யாரிடமாவது இருக்கா?

பழைய க்யூசி:
இன்னொரு மாதிரி வாங்கினாலும் இதேதான் நடக்கும் தம்பி. ஊசித் துண்டு துணியில் சிக்கிப் போய்விடக் கூடாது, அதனால் கொள்கை ஒரே வரிதான்: உடைந்த துண்டு முழுசாக வராமல் புது ஊசி கிடையாது. துண்டை யாரிடம் கொடுப்பது, யார் அதை ரிஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டுவது என்பது செயல்முறை. ஒரு துண்டு கிடைக்காவிட்டால் என்ன என்பதைத்தான் படிப்படியாக எழுதணும், பலரும் கோட்டை விடுவது அங்கேதான். மெஷினை நிறுத்தி, காந்தம் வைத்துத் தேடி, அப்பவும் இல்லையென்றால் அந்த பண்டிலையே (துணிக் கட்டையே) ஒதுக்கி மெட்டல் டிடெக்டரில் விடணும். பழைய ரிஜிஸ்டரை மட்டும் இப்போது உட்கார்ந்து சரிபண்ணாதீங்க, அது அப்படியே இருக்கட்டும். ஆமா, அந்த டெய்லர் டிராயரில் ஏன் ஊசி வைத்திருந்தார்னு கேட்டீங்களா?

ஃபைல்பூச்சி:
தர நிர்வாகத்துக்கான சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 9001கூட 2008 பதிப்பில் தர மேனுவலும் ஆறு நடைமுறைகளும் எழுத்தில் வேணும்னு கேட்டது, 2015 பதிப்பில் அந்தக் கட்டாயம் இல்லை. அதனால் 40 பக்கம் எதுக்கு? ஒரு தாள், போட்டோவோடு, தமிழிலும் ஹிந்தியிலும், ஒடிசா ஆட்கள் இருந்தால் ஒடியாவிலும். பதிப்பு எண், தேதி, ஒப்புதல் கையெழுத்து போட்டு, பழைய தாளைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்க.

பனியன்காரன்:
இன்னிக்கு கேட்டேன். ஊசி ஸ்டோர் மாடியில் இருக்கு, ஏறி இறங்கி வர கால் மணி நேரம் ஆகுது. பீஸ் ரேட் ஆள் (தைத்த பீஸுக்குத்தான் கூலி), அந்தக் கூலியை யார் சார் தருவாங்கன்னு திருப்பிக் கேட்டார், என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் ஊசிப் பெட்டியையும் ரிஜிஸ்டரையும் லைனுக்கே இறக்கிவிட்டோம், சாவி சூப்பர்வைசரிடம்.

பழைய க்யூசி:
சரி, அவர் லீவு போட்டால்?

பனியன்காரன்:
செக்கிங் அக்காவிடம் கொடுக்கலாம்னு இருக்கேன். நைட் ஷிப்டுக்கு இனிமேல்தான் ஆள் பார்க்கணும்.