ஹீரோஸ் நான்கு சீசனும் பார்த்தாச்சு, அடுத்து ரீபார்ன் பார்க்கலாமா?

நெல்லைக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். சாதாரண மனிதர்களுக்கு அதிசய சக்திகள் வருகிற அமெரிக்கத் தொடரான ஹீரோஸின் பழைய தொடரை (2006-2010) ஒருவழியாக முழுசாகப் பார்த்து முடித்துவிட்டேன். முதல் சீசனைத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு பார்த்தேன், அப்படி இழுத்தது. இரண்டாவது சீசனில் தொய்வு தெரிந்தது, மூன்றாவதில் யார் யாருக்கு அப்பா, யார் யாருக்கு அண்ணன் என்பதே மாறி மாறிக் குழம்பியது, நான்காவதில் அந்தத் திருவிழாக் கூடாரத்துக் கதை எனக்கு ஒட்டவே இல்லை. இருந்தாலும் கடைசி எபிசோடில், எந்தக் காயமும் தானாக ஆறிவிடும் பெண் கிளேர் அத்தனை கேமராக்களுக்கு முன்னால் ராட்டினத்தின் உச்சியிலிருந்து குதித்து, எலும்பைத் தானே சரிசெய்துகொண்டு எழுந்து நிற்கும்போது, அடுத்து உலகம் இவர்களை எப்படி நடத்தப்போகிறது என்று தெரிந்துகொள்ள மனம் துடித்தது. அத்தோடு என்.பி.சி. சேனல் தொடரை நிறுத்திவிட்டது.

2015ல் ஹீரோஸ் ரீபார்ன் என்று 13 எபிசோட் வந்திருக்கிறது. அதில் கிளேராக ஹேடன் பனெட்டியர் இல்லை, நாயகன் பீட்டர் இல்லை, வில்லன் சைலர் இல்லை என்கிறார்கள். அப்புறம் அதில் என்ன இருக்கிறது? நேரம் செலவழிக்கத் தகுந்ததா? பார்த்தவர்கள் மனதில் பட்டதை அப்படியே சொல்லுங்கள். கதை தெரிந்துவிட்டாலும் எனக்குக் கவலை இல்லை.

பழையரசிகன்:

தம்பி, அது வெளிவந்த காலத்திலேயே வாராவாரம் காத்திருந்து பார்த்தவன் நான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

கதை இதுதான். சக்தி உள்ளவர்களை இப்போது ஈவோ என்று அழைக்கிறார்கள். கிளேர் குதித்ததால் உலகத்துக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. டெக்சாஸ் மாநிலம் ஒடெஸ்ஸாவில் ஈவோக்களும் மற்றவர்களும் சமாதானமாக வாழ்வதற்காக ஒரு மாநாடு கூட்டுகிறார்கள். ஜூன் 13 அன்று அங்கே பெரிய தாக்குதல் நடந்து ஏராளமானவர்கள் சாகிறார்கள், கிளேரும் செத்துவிட்டாள் என்று அவளுடைய வளர்ப்பு அப்பா நோவா பென்னட்டுக்குச் சொல்லப்படுகிறது. ஒரு வருடம் கழித்துக் கதை மறுபடி தொடங்கும்போது ஈவோக்கள் ஒளிந்து வாழ்கிறார்கள், நோவா வேறு பெயரில் கார் விற்றுக்கொண்டிருக்கிறார். தொடக்கம் பிரமாதம், அதில் சந்தேகமே இல்லை.

பிரச்சினை அதற்கு அப்புறம்தான். முதல் சீசனின் 17ஆவது எபிசோட் உங்களுக்கு நினைவிருக்கும், நோவா வீட்டுக்குள் மனதைப் படிக்கும் மேட்டும் அணுக்கதிர் வீசும் டெட்டும் துப்பாக்கியோடு புகுந்துவிடுகிற எபிசோட். கிளேர் உடம்பெல்லாம் கருகி எரிகிற வீட்டிலிருந்து நடந்து வருவாள், நடக்க நடக்கத் தோல் திரும்ப வளரும், அப்பா பார்த்துக்கொண்டே நிற்பார். கடைசியில் மகள் இருக்கும் இடம் தன் வாயிலிருந்து வந்துவிடக் கூடாது என்பதற்காக, என் நினைவை அழித்துவிடு என்று, நினைவை அழிக்கும் சக்தி உள்ள கூட்டாளி ஹெய்ட்டியனிடம் நோவாவே கேட்டுக்கொள்வார். அவர் எதை இழக்கிறார் என்று நமக்கு முழுசாகத் தெரியும், அதனால்தான் நெஞ்சு அடைத்தது.

ரீபார்னிலும் அதே நோவா, அதே ஹெய்ட்டியன், அதே நினைவழிப்பு. ஆனால் இந்தத் தடவை ஏன் அழித்தார், எதை அழித்தார் என்று நமக்கும் சொல்லமாட்டார்கள். ஹெய்ட்டியனை முதல் எபிசோடிலேயே நோவா கொன்றுவிடுகிறார், நீதான் என்னை இப்படிச் செய்யச் சொன்னாய் என்று அவன் சொல்லிவிட்டுச் சாகிறான். அதற்கான பதில் 7ஆவது, 8ஆவது எபிசோடில்தான் வருகிறது. அதுவரை நோவா ஒவ்வொரு இடமாகப் போய்ப் போய்க் கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பார், பார்க்கிற நாமும் அவரோடு இருட்டில் நடக்க வேண்டியதுதான். ஒரு மனிதனின் தியாகமாக இருந்த விஷயத்தை வெறும் பூட்டாக மாற்றிவிட்டார்கள், சாவியைப் பாதித் தொடர் வரைக்கும் கையில் மறைத்து வைத்துக்கொண்டார்கள். ரீபார்னில் எனக்குப் பெரிய வருத்தம் இதுதான், நடிகர்கள் வராததெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

ஆனால் அந்த 7, 8 இரண்டையும் கட்டாயம் பாருங்கள். காலத்தில் முன்னும் பின்னும் போகும் சக்தி உள்ள ஹிரோ நோவாவை ஜூன் 13க்கே திரும்பக் கூட்டிப்போகிறான். கிளேர் பிரசவத்தில் இறந்தாள் என்பதும், குணமாகும் சக்தி வயிற்றில் இருந்த குழந்தைக்குப் போய்விட்டதால்தான் அவளால் பிழைக்க முடியவில்லை என்பதும் அப்போதுதான் தெரியவரும். நோவாவாக நடித்த ஜாக் கோல்மன் அந்த இடத்தில் அதிகம் பேசுவதே இல்லை, முகம் போதும். மாசி ஓகாவும் வயதான ஹிரோவாக, துள்ளலெல்லாம் அடங்கிப்போய், கிளேரின் இரட்டைக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு 1999க்குப் போவதும் அங்கேயே மாட்டிக்கொள்வதும் மனதைப் பிசைந்துவிடும்.

கவிதா_ர:

பழையரசிகன் அண்ணா சொன்னதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். நோவா கதையை மட்டும் வைத்து ரீபார்னை எடைபோடுவது சரியில்லை என்று நினைக்கிறேன்.

எனக்கு அந்தத் தொடரே லூக், ஜோவன் தம்பதிதான். ஒடெஸ்ஸா தாக்குதலில் ஒரே மகனைப் பறிகொடுத்தவர்கள். அந்த ஆத்திரத்தில் கண்ணில் படுகிற ஈவோக்களையெல்லாம் தேடித் தேடிக் கொல்கிறார்கள், முதல் எபிசோடில் ஈவோக்கள் ரகசியமாகக் கூடி ஆறுதல் சொல்லிக்கொள்ளும் ஒரு தேவாலயத்துக்குள்ளேயே புகுந்து சுட்டுத் தள்ளுகிறார்கள். பார்க்கும்போது வெறுப்புத்தான் வரும். அப்புறம் ஒருநாள் லூக் வெயிலில் கையை நீட்டும்போது அந்தக் கை ஒளிர்கிறது. தானும் ஈவோ. இத்தனை பேரை எந்தக் குற்றத்துக்காகக் கொன்றானோ அந்தக் குற்றம் அவன் தோலுக்கடியிலேயே இருந்திருக்கிறது. அதை மனைவியிடம் மறைக்கிறான் பாருங்கள், அந்தக் காட்சிகளில் லூக்காக நடித்த சக்கரி லீவையின் கண்களில் இருக்கிற பயம் அசல் பயம். சிரிப்பு நடிகராகவே அவரைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது வேறொரு மனிதர் மாதிரி தெரியும்.

அண்ணா முதல் சீசனைப் பற்றிச் சொன்ன விஷயம் இங்கேயும் இருக்கிறது என்கிறேன் நான். லூக் மறைப்பது நமக்குத் தெரியும், ஜோவனுக்குத்தான் தெரியாது. பறப்பது, நெருப்பு கக்குவது எல்லாம் அதற்கு அப்புறம்தான். ஒரு வீட்டுக்குள் ஒருவர் இன்னொருவரிடம் சொல்ல முடியாமல் தவிப்பதுதான் ஹீரோஸின் உயிர், அது லூக் கதையில் கெட்டியாக இருக்கிறது.

எனக்குச் சுத்தமாகப் பிடிக்காதது மிகோ கதை. வாளை உருவினால் எவர்நவ் என்ற வீடியோ கேமுக்குள் போய்விடுகிறாள், படமும் கேம் கிராபிக்ஸாக மாறிவிடுகிறது. நன்றாக எழுதப்பட்ட ஒரு காட்சிக்கு நடுவில் திடீரென்று அந்த பொம்மை உலகம் வந்தால் மனம் கதையை விட்டே வெளியே வந்துவிடுகிறது. மிகோவாக நடித்த பெண்ணிடம் குறையில்லை, அவளுக்குக் கொடுத்த உலகத்தில்தான் குறை.

மயிலாப்பூர்_மாலை:

விஞ்ஞானி மொஹிந்தர் சுரேஷைப் பற்றி யாரும் பேசவில்லையே. நம் ஊர்க்காரருக்கு நடந்ததைச் சொல்லாமல் விட முடியாது.

பழைய தொடரின் முதல் எபிசோடில் அவர் மெட்ராஸில் பாடம் நடத்துகிறார். அப்பா சந்திரா சுரேஷ் நியூயார்க்கில் டாக்ஸி ஓட்டிக்கொண்டே ஆராய்ச்சி செய்து கொலையானதும், மகனும் அங்கே போய் டாக்ஸி ஓட்டுகிறார், அந்த டாக்ஸியில்தான் பீட்டர் ஏறுவான். மொஹிந்தர் என்று நம் ஊர் வீட்டில் பெயர் வைப்பார்களா என்று அப்போதே கேட்டோம், பஞ்சாபிப் பெயர் அது. போகட்டும். அமெரிக்க தொலைக்காட்சியின் பெரிய தொடர் ஒன்றில், முதல் எபிசோடை 1 கோடியே 40 லட்சம் பேருக்கு மேல் பார்த்த தொடரில், சென்னைப் பேராசிரியர் ஒருவர் முக்கியப் பாத்திரம், அதைச் செய்தவர் பெயர் செந்தில் ராமமூர்த்தி. எபிசோட் தொடங்கும்போதும் முடியும்போதும் அவர் குரல்தான் ஒலிக்கும். அந்தக் காலத்தில் அது எங்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று இப்போது பார்க்கிறவர்களுக்குப் புரியாது.

ரீபார்னில் அவரை என்ன செய்தார்கள்? ஒடெஸ்ஸா தாக்குதலுக்குக் காரணமே மொஹிந்தர் சுரேஷ்தான் என்று உலகம் நம்புகிறது. அவர் பெயர் பயங்கரவாதியின் பெயராகவே அடிபடுகிறது. அது பொய், ரெனாட்டஸ் கம்பெனியின் எரிகா பின்னிய வலை என்று பின்னால் தெரிகிறது, சரி. ஆனால் அந்த மனிதர் தன் பக்கத்தைச் சொல்வதற்கு எத்தனை காட்சி கொடுத்தார்கள்? சில நிமிடங்களோடு சரி. அநியாயமாகப் பழி சுமந்த ஒரு விஞ்ஞானியின் கதையை மட்டும் எடுத்திருந்தாலே 13 எபிசோடுக்கும் போதும். எனக்கு அது இன்றைக்கும் ஆறவில்லை.

நெல்லைக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. லூக் கதைக்காகவும் அந்த 7, 8க்காகவும் பார்த்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். மொஹிந்தர் விஷயம் படித்து மனசு கஷ்டமாகிவிட்டது.

இன்னொன்று. இப்படிச் சொதப்பியதற்கு யார் காரணம், எழுதியவர்களா சேனலா? முடிவாவது முடிவு மாதிரி இருக்கிறதா, இல்லை அதுவும் அந்தரத்தில்தானா?

பழையரசிகன்:

அந்தரம்தான் தம்பி. கிளேரின் இரட்டையர்கள் டாமியும் மலினாவும் சேர்ந்து உலகத்தைக் காப்பாற்றிவிடுகிறார்கள், அந்த மட்டில் கதை முடிகிறது. ஆனால் கடைசி நிமிடத்தில் அவர்களுடைய அப்பா யார் என்ற ஆபத்தைப் புதிதாகக் கிளப்பிவிட்டார்கள். 2016 ஜனவரியில் கடைசி எபிசோட் வந்தது, அதே மாதம் இனித் தொடர்ச்சி கிடையாது என்று என்.பி.சி. சொல்லிவிட்டது. முதல் எபிசோடையே 60 லட்சம் பேர் அளவில்தான் பார்த்தார்கள் என்றால் வேறென்ன செய்வார்கள்.

யார் காரணம் என்று கேட்டால், படைத்தவர் டிம் கிரிங்கையே சொல்வேன், ஆனால் அவர் மேல் எனக்கு மரியாதையும் உண்டு. இரண்டாவது சீசன் 11 எபிசோடோடு நின்றதற்கு எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் காரணம். ஆனால் அதற்கு முன்பே, 2007லேயே, கதை மெதுவாகப் போகிறது, ஹிரோவைப் பழைய ஜப்பானில் அளவுக்கு மீறி வைத்துவிட்டோம் என்று ஒரு பேட்டியில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டவர் அவர். சீசனுக்கு சீசன் புது ஆட்களை வைத்து நடத்துவதுதான் அவருடைய முதல் யோசனை. ரசிகர்களுக்குப் பழைய ஆட்களைப் பிடித்துப்போனதால் அது நடக்கவில்லை. ரீபார்னிலாவது அதைத் துணிந்து செய்திருக்கலாம். பாதி புது ஆட்கள், பாதி பழைய ஆட்கள், அதிலும் பழையவர்கள் எப்போது வருவார்கள் என்று எதிர்பார்க்க வைத்தே வாரத்தை ஓட்டினார்கள். இதில் லூக் மாதிரி புதியவர்களுக்குக் கிடைக்க வேண்டிய நேரம் போய்விட்டது.

2024ல் அவரே இன்னொரு முறை ஹீரோஸை உயிர்ப்பிக்க ஒரு திட்டத்தோடு ஸ்டூடியோக்களை அணுகுவதாகச் செய்தி வந்தது, பெயர் ஹீரோஸ் எக்லிப்ஸ்டு. வந்தால் முழுக்கப் புது ஆட்களோடு வரட்டும்.

கவிதா_ர:

முழுக்கப் புது ஆட்கள் என்பதில் நான் அண்ணாவோடு சேரமாட்டேன், நோவா இல்லாத ஹீரோஸை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. நல்ல எழுத்து இருந்தால் பழையவர்கள் பாரமாக இருக்கமாட்டார்கள், லூக்கும் நோவாவும் சேர்ந்து வரும் இடங்களே அதற்கு சாட்சி.

நெல்லைக்காரன், தொடங்குவதற்கு முன்னால் டார்க் மேட்டர்ஸ் என்ற குட்டித் தொடரைப் பார்த்துவிடுங்கள், 6 பகுதிகள்தான், ஒவ்வொன்றும் சின்னது. குவென்டின், அவன் தங்கை ஃபீபி இருவரின் முன்கதை அது. அதைப் பார்க்காவிட்டால் ரீபார்னில் ஃபீபி எதிர்ப்பக்கம் நிற்பதும் குவென்டின் பதறுவதும் உங்களுக்குச் சும்மா கடந்துபோகும். பார்த்த பிறகு வந்து லூக் பற்றி எழுதுங்கள், காத்திருக்கிறேன்.