செல் பச்சையாக ஒளிர்கிறது, வைரஸ் மட்டும் வரவில்லை: உடனே உதவி தேவை

நிலா_ஆய்வகம் (திங்கள், இரவு 11.48)
வணக்கம். அவசரமாக எழுதுகிறேன். எப்போதும் செய்வதைப் போலவேதான் செய்தோம். செல்கள் நன்றாக இருக்கின்றன, டிஎன்ஏவைச் செல்லுக்குள் செலுத்தும் டிரான்ஸ்பெக்ஷன் முடிந்த மூன்றாம் நாள் தட்டு முழுக்கப் பச்சையாக ஒளிர்கிறது. ஆனால் வைரஸ் கிட்டத்தட்ட இல்லை. இரண்டு முறை செய்தும் இதே கதை. எலிகள் காத்திருக்கின்றன. என்ன தவறு என்று யாராவது சொல்லுங்கள்.

பொறுமைசாலி (திங்கள், இரவு 11.59)
எந்த வைரஸ்? எந்தச் செல்? "கிட்டத்தட்ட இல்லை" என்றால் எவ்வளவு? "எப்போதும் செய்வது" உங்களுக்குத் தெரியும், எங்களுக்கு எப்படித் தெரியும்?

கண்ணுக்குத்தெரியாதவன் (செவ்வாய், காலை 6.10)
மைக்கோபிளாஸ்மா, செல் வளர்ப்பில் புகும் நுண்ணிய பாக்டீரியா. பார்த்தீர்களா? செல் "நன்றாக இருக்கிறது" என்று சொல்கிறவர்களிடம்தான் அது குடியிருக்கும். செல் வளரும் ஊடகம் கலங்காது, கண்ணுக்கும் தெரியாது, 0.22 மைக்ரான் வடிகட்டியிலும் நழுவிவிடும். அதற்குச் செல்சுவரே கிடையாது, ஆகவே நீங்கள் ஊற்றும் பெனிசிலினை அது பொருட்படுத்தாது. முதலில் அதைப் பாருங்கள், பிறகு மற்றதைப் பேசலாம்.

இரவுப்பணி (செவ்வாய், காலை 8.32)
டிஎன்ஏவைச் செல்லுக்குள் கொண்டுபோகும் பிஇஐ கரைசலைச் சந்தேகியுங்கள். எத்தனை முறை உறையவைத்து உருக்கினீர்கள்? அமிலகாரத்தன்மை 7.0 என்று சரிபார்த்தீர்களா? டிஎன்ஏவுடன் கலந்த பிறகு எவ்வளவு நேரம் வைத்தீர்கள்? பத்துப் பதினைந்து நிமிடம் போதும். நடுவில் காபி குடிக்கப் போனால் துகள்கள் பருத்துவிடும், செல்லுக்குள் போகாது. எனக்கு நடந்திருக்கிறது.

பழங்குடுவை (செவ்வாய், காலை 9.15)
தட்டு முழுக்கப் பச்சை என்று அவரே எழுதியிருக்கிறார். டிஎன்ஏ உள்ளே போகாமல் பச்சை எங்கிருந்து வரும்? பிஇஐ பற்றிய அறிவுரையைக் கேள்வியைப் படித்துவிட்டுச் சொன்னால் நன்றாக இருக்கும். கேட்டவருக்கும் ஒரு வார்த்தை: தம்பி, உதவி கேட்பதும் ஒரு கலைதான். செல், வைரஸ், பிளாஸ்மிட் (செலுத்திய வட்ட டிஎன்ஏ), டைட்டர் (வைரஸின் அளவு) அளந்த முறை ஆகிய நான்கையும் எழுதாமல் கேட்பது, "உடம்பு சரியில்லை, மருந்து கொடுங்கள்" என்று தொலைபேசியில் சொல்வதைப் போன்றது. இருபது ஆண்டுகளாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நிலா_ஆய்வகம் (செவ்வாய், மதியம் 1.05)
மன்னிக்கவும். தம்பி இல்லை ஐயா, தங்கை. செல் எச்ஈகே 293, மனிதச் செல்வரிசை. வைரஸ் ஏஏவி, மரபணுவைச் சுமந்து செல்லும் சிறு வைரஸ், எட்டாம் வகை. மூன்று பிளாஸ்மிட் முறை: ஒன்றில் அனுப்ப வேண்டிய மரபணு, ஒன்றில் ஏஏவியின் ரெப், கேப் மரபணுக்கள், ஒன்றில் ஏஏவி பெருக உதவும் அடினோவைரஸ் மரபணுக்கள். முன்பு பத்துத் தட்டுகளுக்கு 5×10¹² மரபணுப் பிரதிகள் வரும். இப்போது 1×10¹¹.

வெண்பா2 (செவ்வாய், மதியம் 1.40)
ஐம்பது மடங்கு சரிவு. இது கைப்பிழை அளவன்று, ஏதோ ஒன்று முழுதாகப் பழுதாகியிருக்கிறது. மூன்று கேள்விகள். கியூபிசிஆரில் மரபணுப் பிரதிகளை எண்ணும் முன், வெளியே கிடக்கும் டிஎன்ஏவை அழிக்கும் டிஎன்ஏஸ் நொதி போட்டீர்களா? போடாவிட்டால் எஞ்சிய பிளாஸ்மிட்டும் சேர்ந்து எண்ணப்பட்டு டைட்டர் கூடத்தான் காட்டும், ஆகவே அங்கே தவறிருக்க வாய்ப்பில்லை, இருந்தாலும் தெரிந்துகொள்கிறேன். வைரஸின் உறையான கேப்சிட் புரதத்தை வெஸ்டர்னில் (புரதத்தை அடையாளம் காட்டும் சோதனை) பார்த்தீர்களா? பச்சைப் புரத மரபணு எந்தப் பிளாஸ்மிட்டில் இருக்கிறது?

கடைசிக் கேள்விதான் முக்கியம். பச்சை ஒளி அந்த ஒரு பிளாஸ்மிட் உள்ளே போனதற்கு மட்டுமே சாட்சி. மற்ற இரண்டைப் பற்றி அது வாய் திறக்காது. அந்தப் பிளாஸ்மிட்டே முழுசாக இருக்கிறதா என்றும் சொல்லாது.

இரவுப்பணி (செவ்வாய், மதியம் 2.20)
சரி, பிஇஐ இல்லை என்றால் பாசேஜ் எண், அதாவது செல்லை எத்தனை முறை புதுத் தட்டுக்கு மாற்றினீர்கள் என்பது. அறுபது, எழுபது என்று ஓட்டிக்கொண்டே இருந்தால் செல் அடினோவைரஸின் ஈ1 மரபணுவைத் தொலைத்துவிடும். உதவிப் பிளாஸ்மிட்டில் ஈ2ஏ, ஈ4, விஏ ஆர்என்ஏ மட்டும்தான் இருக்கின்றன. ஈ1 செல்லிலிருந்துதான் வர வேண்டும். அது போனால் எல்லாம் போயிற்று.

பழங்குடுவை (செவ்வாய், மாலை 4.02)
ஈ1 அப்படியெல்லாம் போகாது. அந்தச் செல் இன்னும் உயிரோடு பெருகுவதே அதன் தயவில்தான். 1973இல் லைடனில் வான் டெர் எப்பின் ஆய்வகத்தில் பிராங்க் கிரகாம் துண்டாக்கப்பட்ட அடினோவைரஸ்-5 டிஎன்ஏவைச் செல்லுக்குள் செலுத்தினார். இந்தச் செல்லின் பெயரில் உள்ள 293 என்பது அவருடைய சோதனையின் வரிசை எண். வைரஸின் இடதுமுனையில் சுமார் 4,300 காரங்கள் 19ஆம் குரோமோசோமில் போய் ஒட்டிக்கொண்டன. ஈ1 அங்கேதான் இருக்கிறது. அதை இழந்த செல், தட்டில் மற்றவற்றோடு போட்டியிட்டு நிற்காது. அடிப்படை வரலாறு தெரிந்தால் இப்படிப்பட்ட ஊகங்கள் வராது. பாசேஜ் கூடினால் விளைச்சல் குறையும் என்பது வேறு விஷயம், ஆனால் இரண்டே சுற்றில் ஐம்பது மடங்கு குறையாது.

வெள்ளெலி (செவ்வாய், மாலை 4.30)
வரலாறு என்றதும் ஒன்று. எச்ஈகே, அதாவது "மனிதக் கருவின் சிறுநீரகம்" என்று பெயர் வைத்துவிட்டார்கள். 2002இல் கிரகாமும் சேர்ந்தே எழுதிய கட்டுரை அதில் நரம்புச் செல்லின் அடையாளங்களைக் காட்டியது. பெயரே சரியில்லாத, குரோமோசோம் அறுபத்துச் சொச்சம் வைத்திருக்கிற செல்லில் மருந்து செய்கிறோம். இதற்கு எங்கள் வெள்ளெலிச் செல்லான சிஎச்ஓ எவ்வளவோ மேல். எதிர்ப்புரத (ஆன்டிபாடி) மருந்துகளில் பெரும்பாலானவை அதில்தான் தயாராகின்றன.

இரவுப்பணி (செவ்வாய், மாலை 5.11)
சிஎச்ஓ வெள்ளெலியின் செல். சியாலிக் அமிலம் என்ற சர்க்கரையில் மனித உடலால் ஆக்க முடியாத ஒரு வகையைக் கொஞ்சமேனும் அது புரதத்தில் ஒட்டிவிடும். இரத்த உறைதல் காரணி எட்டு போன்றவற்றை மனிதச் செல்லில் செய்வது அதற்காகத்தான். எச்ஈகேயில் தயாரான காரணி-8 மருந்துக்கு 2014இல் அனுமதியும் கிடைத்தது.

வெள்ளெலி (செவ்வாய், மாலை 5.26)
அந்த மனிதச் செல்லைக் கன்றின் சீரத்தில் வளர்த்தால் அதே சியாலிக் அமிலத்தைச் சீரத்திலிருந்து உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும். அதைச் சொல்லவில்லையே. அப்புறம் எச்ஈகேயில் செய்த டிரோட்ரெகாஜின் ஆல்ஃபா என்ற செப்சிஸ் மருந்து என்ன ஆயிற்று? 2001இல் வந்தது, 2011இல் சந்தையை விட்டுப் போனது.

பழங்குடுவை (செவ்வாய், மாலை 5.50)
அது போனதற்குக் காரணம், பிந்தைய சோதனையில் நோயாளிகளின் உயிரைக் காப்பதாகத் தெரியவில்லை என்பது. செல் என்ன செய்யும்? சிஎச்ஓவும் கோட்டை ஒன்றும் அல்ல: 2009இல் வெசிவைரஸ்-2117 புகுந்து ஒரு பெரிய தொழிற்சாலை நின்றுபோனது. மனிதச் செல் என்றால் மனித வைரஸ்கள் எளிதாக வளரும் என்ற அச்சம் நியாயமானது. அதைச் சொன்னால் ஒத்துக்கொள்வேன். பெயர் சரியில்லை என்பதெல்லாம் ஒரு வாதமா?

பொறுமைசாலி (செவ்வாய், மாலை 6.03)
தங்கையின் வைரஸ் வரவில்லை என்பதற்காகத் தொடங்கிய இழை இது. நினைவூட்டுகிறேன்.

நிலா_ஆய்வகம் (புதன், காலை 10.20)
எல்லோருக்கும் நன்றி. டிஎன்ஏஸ் போட்டோம். வெஸ்டர்னில் கேப்சிட்டின் மூன்று பட்டைகளும் (87, 73, 62 கிலோடால்டன்) முன்புபோலவே வருகின்றன. பச்சைப் புரத மரபணு, அனுப்ப வேண்டிய மரபணுவும் அதன் இரு முனைத் தொடர்களான ஐடிஆரும் இருக்கும் பிளாஸ்மிட்டில். செல், எச்ஈகேயின் 293டி வகை. பாசேஜ் 18.

வெண்பா2 (புதன், காலை 10.44)
பாருங்கள், செய்தி வந்துவிட்டது. கேப்சிட் நிறைய இருக்கிறது, உள்ளே மரபணு இல்லை. காலிப் பெட்டிகள். நகலெடுக்கும் ரெப்பும் உறை செய்யும் கேப்பும் ஒரே பிளாஸ்மிட்டில் இருப்பதால் கேப் வேலை செய்தால் ரெப்பும் அநேகமாக இருக்கும். உதவிப் பிளாஸ்மிட் இல்லாமல் இவ்வளவு கேப்சிட் வராது. மிச்சம் ஐடிஆர்தான்.

ஐடிஆர் போனாலும் பச்சை ஒளிரும், ஏனெனில் மரபணுவை இயக்கும் புரமோட்டருக்கு ஐடிஆர் தேவையில்லை. ஆனால் நகலெடுப்பதற்கும் பெட்டிக்குள் அடைப்பதற்கும் ஐடிஆர் வேண்டும். இரு முனையிலும் 145 காரம், கொண்டை ஊசிபோல் மடிந்த அமைப்பு. பாக்டீரியாவுக்கு அது பிடிக்காது, வெட்டி எறிந்துவிடும். இந்தப் பிளாஸ்மிட்டைச் சமீபத்தில் புதிதாக வளர்த்தீர்களா? எந்த பாக்டீரியாவில்?

நிலா_ஆய்வகம் (புதன், காலை 11.30)
ஆமாம்!! பழைய சேமிப்பு தீர்ந்துவிட்டது. இளையவர் ஒருவர் மறுபடி வளர்த்தார். சாதாரண டிஎச்5ஆல்ஃபா, 37 டிகிரி, இரவு முழுவதும். அதைச் சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை.

இரவுப்பணி (புதன், மதியம் 12.15)
டிஎச்5ஆல்ஃபாவில் ரெக்ஏ புரதம் இல்லையே. டிஎன்ஏ வெட்டி ஒட்டப்படும் மறுசேர்க்கை நடக்காது.

வெண்பா2 (புதன், மதியம் 12.38)
ரெக்ஏ இல்லாமலும் நடக்கும். கொண்டை ஊசியை வெட்டுவது எஸ்பிசிசிடி நொதி, அது டிஎச்5ஆல்ஃபாவில் முழுதாக இருக்கிறது. ஷ்யூர் வகை பாக்டீரியாவில் எஸ்பிசிசி நீக்கப்பட்டிருக்கிறது. 30 டிகிரியில் வளர்த்தால் இன்னும் நல்லது. வாதத்தை விட்டுவிட்டு, டிஎன்ஏவைக் குறிப்பிட்ட இடத்தில் வெட்டும் ஸ்மா-1 நொதியைப் போட்டு ஜெல்லில் பாருங்கள். இரண்டு ஐடிஆரிலும் அதற்கு இடம் உண்டு. முழுசாக இருந்தால் இரண்டு பெரிய பட்டைகள், ஒன்று போயிருந்தால் பிளாஸ்மிட் நீளத்தில் ஒரே பட்டை.

நிலா_ஆய்வகம் (வியாழன், மாலை 6.50)
போட்டோம். பிளாஸ்மிட் 7.3 கிலோகாரம். எதிர்பார்த்தது 4.3, 3.0. இரண்டும் இருக்கின்றன, ஆனால் மங்கலாக. மேலே 7.3இல் தடித்த பட்டை ஒன்று பளிச்சென்று நிற்கிறது. ஐடிஆர் போய்விட்டதா?

பழங்குடுவை (வியாழன், இரவு 7.15)
எத்தனை டிகிரியில் வைத்தீர்கள்?

நிலா_ஆய்வகம் (வியாழன், இரவு 7.18)
37.

பழங்குடுவை (வியாழன், இரவு 7.31)
ஸ்மா-1 வேலை செய்வது 25 டிகிரியில். 37இல் சிறிது நேரத்தில் சோர்ந்துவிடும். பாதி வெட்டுப்பட்டதும் 7.3இல்தான் நிற்கும், ஐடிஆர் போனதும் 7.3இல்தான் நிற்கும். இரண்டையும் பிரித்தறிய முடியாத ஜெல்லை வைத்துக்கொண்டு பயப்படுகிறீர்கள். நொதியின் பெட்டியில் ஒட்டியிருக்கும் தாளை யாரும் படிப்பதில்லை. 25இல் மறுபடி போடுங்கள், அல்லது எக்ஸ்மா-1 வாங்குங்கள். அதே இடத்தை வெட்டும், 37இல் வேலை செய்யும். பழைய பிளாஸ்மிட்டில் ஒரு துளி மிச்சமிருந்தால் அதையும் பக்கத்தில் ஓட்டுங்கள்.

வெண்பா2 (வியாழன், இரவு 7.40)
ஐயா சொல்வது சரி. வெப்பநிலையை நானே சொல்லியிருக்க வேண்டும்.

வெள்ளெலி (வெள்ளி, காலை 9.02)
இடையில் ஒரு விஷயம். 293டி எதற்கு? அதில் கூடுதலாக இருக்கும் எஸ்வி40 வைரஸின் டி ஆன்டிஜென் புரதம் ஏஏவிக்கு ஒன்றும் செய்யாது. அந்த வைரஸின் ஓரி (நகலெடுப்பு தொடங்கும் இடம்) இருக்கும் பிளாஸ்மிட்டுக்குத்தான் அதில் லாபம்.

பொறுமைசாலி (வெள்ளி, காலை 9.10)
மறுபடியுமா?

(பத்தொன்பது நாட்கள் கழித்து)

நிலா_ஆய்வகம் (புதன், பிற்பகல் 3.27)
தாமதத்திற்கு மன்னிக்கவும். 25 டிகிரியிலும் புதியதில் 7.3 பட்டை அப்படியே நின்றது, பழைய துளியில் அது இல்லை, இரண்டே பட்டைகள். பழைய கிளிசரால் ஸ்டாக்கிலிருந்து (உறையவைத்த பாக்டீரியா) பிளாஸ்மிட்டை எடுத்து ஷ்யூரில் ஏற்றி 30இல் வளர்த்தோம், ஆறு காலனிகளில் நான்கு சரியாக இருந்தன. டைட்டர் 4×10¹². எலிகளுக்கு ஊசி போட்டாயிற்று. எல்லோருக்கும் நன்றி. மைக்கோபிளாஸ்மாவும் பார்த்தோம், இல்லை.

கண்ணுக்குத்தெரியாதவன் (புதன், பிற்பகல் 3.41)
எந்த முறையில் பார்த்தீர்கள்?