ஆர்ச்சி பங்கரின் நாற்காலிக்குத் தேசிய அருங்காட்சியகத்தில் இடமா?

கரிசல்காட்டான்:
வாஷிங்டனில் உள்ள அமெரிக்க வரலாற்றுத் தேசிய அருங்காட்சியகத்தில் ஒரு பழைய நாற்காலியைப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். 1971 முதல் 1979 வரை சிபிஎஸ் தொலைக்காட்சியில் ஓடிய ‘ஆல் இன் தி ஃபேமிலி’ என்ற சிட்காமில், அதாவது நகைச்சுவைத் தொடரில், ஆர்ச்சி பங்கர் உட்கார்ந்த நாற்காலி அது. பக்கத்திலேயே அவன் மனைவி ஈடித்தின் சின்ன நாற்காலி. தொடரைப் பார்க்காதவர்களுக்கு: ஆர்ச்சி, நியூயார்க் குயீன்ஸில் வாழும் வெள்ளைக்காரத் தொழிலாளி. கறுப்பர், யூதர், வெளிநாட்டிலிருந்து வந்தவர், பெண்ணுரிமை பேசுபவர் யாரையும் விட்டுவைக்க மாட்டான். அத்தனை ஏச்சும் அந்த நாற்காலியில் சாய்ந்தபடிதான். மருமகன் மைக் அதில் உட்கார்ந்தால் எழுப்பிவிட்டுத்தான் மறுவேலை.

இப்படிப்பட்டவனின் ஆசனத்தை, நாட்டின் தேசியகீதத்துக்குக் காரணமான கொடி இருக்கும் அதே கட்டடத்தில் வைக்கலாமா? நான் நின்ற நேரத்தில் வந்தவர்கள் முகத்தில் தெரிந்தது பாசம். ‘எங்க தாத்தா அப்படியே இவர்தான்’ என்று ஒருவர் தன் பிள்ளையிடம் சொன்னார். அந்தப் பாசம்தான் உறுத்துகிறது. எழுபதுகளில் நம்மவர்கள் இந்த நாட்டில் வந்து இறங்கியபோது, அக்கம்பக்கத்து ஆர்ச்சிகளின் பேச்சைக் கேட்டுக்கொண்டுதான் வாழ்ந்தார்கள்.

மலர்_மேரிலாந்து:
அண்ணே, பாதுகாப்பது வேறு, போற்றுவது வேறு. அதே கட்டடத்தில் கிரீன்ஸ்பரோ சாப்பாட்டு கவுண்டரைப் பார்த்தீர்களா? 1960 பிப்ரவரி 1 அன்று வட கரோலினாவில், உல்வொர்த் கடையில், நான்கு கறுப்பின மாணவர்கள் வெள்ளையருக்கு மட்டுமே பரிமாறிய கவுண்டரில் போய் உட்கார்ந்தார்கள். எழுந்து போகச் சொல்லியும் நகரவில்லை. மறுநாளும் வந்தார்கள், கூட்டம் பெருகியது, ஜூலை மாதம் கடைக்காரர்களே பணிந்தார்கள். அந்தக் கவுண்டரின் ஒரு துண்டும் முக்காலிகளும் இன்று அங்கே இருக்கின்றன. எங்கே உட்கார உரிமை உண்டு என்று ஒரு தலைமுறை போராடிய இருக்கைகள் ஒரு பக்கம், அந்த மாற்றத்தைப் பொறுக்க முடியாதவன் சாய்ந்து கிடந்த நாற்காலி இன்னொரு பக்கம். ஒன்றை மட்டும் வைத்தால் வரலாறு அரைகுறையாகிவிடும். மாற்றத்தை எதிர்த்தவர்கள் எல்லாம் கொம்பு முளைத்த அரக்கர்கள் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து டிவி பார்த்த, பெண்டாட்டி கையால் சாப்பிட்ட சாதாரண மனிதர்கள்தான் என்பதை அந்த நாற்காலி சொல்கிறது.

கரிசல்காட்டான்:
கவுண்டர் போராட்டம் உண்மையில் நடந்தது. ஆர்ச்சி கற்பனை. இரண்டையும் ஒரே தட்டில் வைப்பதை ஏற்க மாட்டேன். ‘சாதாரண மனிதர்’ என்கிறீர்களே, அதுதான் ஆபத்து. 1974இல் நீல் விட்மர், மில்டன் ரோகீச் என்ற இரு உளவியலாளர்கள் அமெரிக்கப் பள்ளி மாணவர்களிடமும் கனடாவில் வயதுவந்தவர்களிடமும் இந்தத் தொடரைப் பற்றிக் கேட்டு ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தப்பெண்ணம் குறைவாக உள்ளவர்கள் அதை நையாண்டியாகப் பார்த்தார்கள். தப்பெண்ணம் அதிகம் உள்ளவர்களோ ஆர்ச்சி பேசுவதுதான் நியாயம், வாதத்தில் ஜெயிப்பவனும் அவனே என்று பார்த்தார்கள். எடுத்தவர் நோக்கம் என்னவாக இருந்தாலும் கேட்டவன் காதில் விழுந்தது வேறு. 1972 தேர்தல் சமயத்தில் ‘ஆர்ச்சி பங்கரை ஜனாதிபதியாக்கு’ என்று பட்டன், பனியன் எல்லாம் விற்றார்கள். வாங்கியவர்களில் எத்தனை பேர் நையாண்டியாக வாங்கினார்கள்?

பழையடிவி_ரசிகன்:
கரிசல் சார், ஆய்வைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் தொடரை உருவாக்கிய நார்மன் லியரை ஒதுக்கிவிட்டுப் பேச முடியாது. அவர் யூதர். ஆர்ச்சியைத் தன் அப்பாவை வைத்தே வார்த்தேன் என்று பலமுறை சொல்லியிருக்கிறார். ஆர்ச்சி ஈடித்தை வாயை மூடச் சொல்லும் அந்தப் பேர்போன ஒற்றை வார்த்தைகூட அவர் அப்பா அம்மாவிடம் சொன்னதுதான். வெறுத்து எழுதியதல்ல, கூடவே வாழ்ந்து எழுதியது. அதனால்தான் பார்த்தவர்கள் தங்கள் வீட்டுப் பெரியவரை அதில் கண்டார்கள். நீங்கள் பார்த்த அந்தத் தாத்தா பாசம் அங்கிருந்து வருகிறது.

நாற்காலியின் கதையையும் கேளுங்கள். செட்டுக்காகச் சில டாலருக்குப் பழைய சாமான் கடையில் வாங்கியது. வேண்டுமென்றே நைந்துபோனதைத் தேடி எடுத்தார்கள். மைக்காகவும் ஆர்ச்சியின் மகள் குளோரியாவாகவும் நடித்தவர்கள் விலகியதால் 1978இல் தொடர் முடிந்துவிடும் என்றுதான் எண்ணினார்கள். அந்த ஆண்டே நாற்காலிகள், இந்த அருங்காட்சியகத்தை நடத்தும் ஸ்மித்சோனியனுக்குப் போய்விட்டன. பிறகு இன்னும் ஒரு ஆண்டு நீட்டிக்க முடிவானது. அதே மாதிரி வேறு நாற்காலி செய்ய ஆயிரக்கணக்கில் செலவு, ஏனென்றால் அந்தப் பழசையும் நசிவையும் கையால் உண்டாக்க வேண்டியிருந்தது. கைப்பிடி மரத்தையும் மங்கிய துணியையும் கிட்டே போய்ப் பாருங்கள். ஒரு தொழிலாளி வீட்டில் வருஷக்கணக்காக ஒருவர் உட்கார்ந்த தடம் அதில் இருக்கிறது.

இன்னொன்று. 1972 பிப்ரவரியில் வந்த எபிசோடில் கறுப்பினப் பாடகர் சாமி டேவிஸ் ஜூனியர் ஆர்ச்சி வீட்டுக்கு வந்து அதே நாற்காலியில் உட்கார்கிறார். கடைசியில் போட்டோ எடுக்கும்போது ஆர்ச்சியின் கன்னத்தில் முத்தம் கொடுக்கிறார். அரங்கத்தில் எழுந்த சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. அன்றைய அமெரிக்க டிவியில் அது சின்ன விஷயமில்லை.

தாமிரபரணி:
இரண்டு பக்கமும் நாற்காலியைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்குக் குறை, அதைக் காட்டுகிற விதத்தில். கண்ணாடிக்குள் இரண்டு நாற்காலி, அவ்வளவுதான். தொடரே பார்க்காத என் பிள்ளைகள் ‘இதுல என்ன இருக்கு’ என்று கேட்டுவிட்டு ‘தி விசார்ட் ஆஃப் ஓஸ்’ படத்தில் டோரதி போட்ட சிவப்பு ஷூவைத் தேடி ஓடிவிட்டார்கள். நான் நின்று பாதிக் கதையைச் சொன்னேன், அவர்கள் காதில் வாங்கவில்லை. ஒரு சிட்காமை நாற்காலியாக வைக்க முடியாது. அது பேச்சு, சண்டை, சிரிப்பு. பார்வையாளர்களை அமர்த்தி, அவர்கள் முன்னால் வீடியோ டேப்பில் பதிந்த தொடர் அது. சிரிப்பு எங்கே வருகிறது, எங்கே ஒரு நொடி தயங்கி வருகிறது என்பதில்தான் அந்தக் காலம் இருக்கிறது. அதைக் கேட்கவைக்காமல் மரச்சாமானை வைத்தால் வெளியூர்க்காரர்களுக்கு ஒன்றும் விளங்காது.

மலர்_மேரிலாந்து:
தாமிரா சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காட்சியைத் திரையில் ஓட்டினால் எல்லாரும் திரையைத்தான் பார்ப்பார்கள், பொருள் வெறும் அலங்காரமாகிவிடும். பொருளுக்கு முன்னால் நின்று பக்கத்தில் இருக்கும் பெரியவரிடம் ‘இது யாருது’ என்று கேட்பதற்கென்றே ஒரு பயன் உண்டு. இந்தத் தொடரின் ஒரு எபிசோடிலேயே ஆர்ச்சியின் உடைந்த நாற்காலி, பழுதுபார்க்கும் கடையிலிருந்து கைமாறிப் போய், ஓவியக் கூடத்தில் கலைப்பொருளாகக் காட்சிக்கு வந்துவிடும்! அந்த நாற்காலியால் ஒரு கூட்டத்தை நிற்கவைக்க முடியும் என்று எழுதியவர்களுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.

கரிசல்காட்டான்:
பழையடிவி சார், லியரின் அப்பாவைப் பற்றிச் சொன்னதை மதிக்கிறேன். அதே சமயம் 1971 செப்டம்பரில், யூத வெறுப்பைப் பற்றி நாவல் எழுதியவரான லாரா ஹாப்சன் நியூயார்க் டைம்ஸில் எழுதிய விமர்சனமும் வரலாறுதான். நிஜமான இனவெறியன் வீட்டில் பேசும் கேவலமான வார்த்தைகளை விட்டுவிட்டு, கொஞ்சம் மென்மையானவற்றை மட்டும் ஆர்ச்சி வாயில் வைத்திருக்கிறார்கள், வெறுப்பைக் குளிப்பாட்டி அன்புக்குரியதாக ஆக்கிவிட்டார்கள் என்றார் அவர். லியர் அதே பத்திரிகையில் பதில் எழுதினார். நான் ஹாப்சன் பக்கம். குளிப்பாட்டியதைத்தான் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள்.

பழையடிவி_ரசிகன்:
குளிப்பாட்டாமல் வைத்திருந்தால் முதல் வாரமே நிறுத்தியிருப்பார்கள். 1971 ஜனவரி 12 அன்று முதல் எபிசோடுக்கு முன்னால் சிபிஎஸ் ஒரு எச்சரிக்கை வாசகத்தையே போட்டது, அவ்வளவு பயம். அந்த வரம்புக்குள் நின்றுகொண்டே வியட்நாம் போர், கருக்கலைப்பு, பாலியல் வன்கொடுமை வரை கூடத்துக்குள் கொண்டுவந்தார்கள். ஆர்ச்சியின் பக்கத்து வீட்டில் குடியிருந்த கறுப்பினக் குடும்பத்தை வைத்து ‘தி ஜெஃபர்சன்ஸ்’ 1975இல் தனியாகக் கிளம்பிப் பத்து ஆண்டு ஓடியது. தொடர்ந்து ஐந்து சீசன் நாட்டிலேயே அதிகம் பார்க்கப்பட்ட நிகழ்ச்சி ‘ஆல் இன் தி ஃபேமிலி’. அதை விட்டுவிட்டு எழுபதுகளின் அமெரிக்காவைக் காட்டவே முடியாது.

கரிசல்காட்டான்:
வைக்காதே என்று நான் சொல்லவில்லை என்பதைத் தெளிவாக்கிவிடுகிறேன். தனியாக வைக்காதே என்கிறேன். விளக்கப் பலகையில் விட்மர், ரோகீச் கண்டதும் ஹாப்சன் எழுதியதும் லியரின் பதிலும் வரவேண்டும். இதை அருங்காட்சியகத்துக்கே எழுதிக் கேட்கப் போகிறேன். கூடக் கையெழுத்துப் போடுகிறவர்கள் இங்கே சொல்லுங்கள்.

தாமிரபரணி:
நான் போடுகிறேன். சாமி டேவிஸ் எபிசோடின் ஒலியை ஒரு ஹெட்ஃபோனில் கேட்க வைக்கச் சொல்லியும் சேர்த்து எழுதுங்கள்.

மலர்_மேரிலாந்து:
நான் போட மாட்டேன் அண்ணே. பலகையில் அத்தனையும் எழுதிவிட்டால், தாத்தாவும் பேரனும் அங்கே பேசிக்கொள்ள ஒன்றும் மிஞ்சாது.